பதினோரு விநாடி

மேம்பாலம் வந்த பிறகு
என் கடைக்கு மதியமே சாயங்காலம்.
மார்த்தாண்டத்தில் யார் வீட்டுக் கல்யாணமும்
பூசணம் பிடித்த கேசட்டாக என்னிடம் வரும்,
பென்டிரைவாகத் திரும்பிப் போகும்.
நடுவில் நான் பார்க்க வேண்டியதில்லை.
இயந்திரம் ஓடும், நான் டீ குடிப்பேன்.

புஷ்பலீலா கொண்டுவந்ததை மட்டும்
டீ ஆடை கட்டும்வரை பார்த்தேன்.

தொண்ணூற்றாறு, ஆவணி,
கருங்கல் பக்கம் ஒரு முற்றத்துப் பந்தல்.
மணமக்கள் மேடையை விட்டு இறங்கியாயிற்று.
போட்டோக்காரர் போய்விட்டார்.
பந்தியில் பப்படம் நொறுங்கும் சத்தம்.
கேமரா போகவில்லை.
சிவப்பு ரெக்சின் நாற்காலி இரண்டையும்
பார்த்துக்கொண்டு நிற்கிறது.
அமுங்கிய மெத்தை மெல்ல உப்புகிறது,
யாரோ இன்னும் எழுந்துகொண்டிருப்பதுபோல.
எண்ணினேன். பதினொன்று.

எனக்கு இந்த நிற்றல் தெரியும்.

சோபனராஜின் முதல் படத்தில்
அண்டி ஆபீஸைப் பூட்டிய பிறகு
கறைக்கை துடைத்த துணி கொடியில் ஆடும்.
ஆடி ஓயாமல் அடுத்த காட்சி வராது.
இரண்டாவது போலீஸ் கதை, ஒரே அடிதடி;
அதிலும் விசாரணை முடிந்து எல்லாரும் வெளியேற
மேசையில் உருளும் பேனா மூடி
விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.
தக்கலையில் ஒருவர் எழுந்து
"ஆப்பரேட்டரே, உறங்கியாச்சா?" என்று கூவினார்.
நாலாவதில் தயாரிப்பாளரோடு சண்டை.
திரையில் வேறு யாரோ பெயர்.
பேய்ப்படம். பேய் போன பிறகு
கிணற்றுக் கயிறு தனியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.
பக்கத்து இருக்கையிடம் சொன்னேன்,
"இது அவராக்கும்."
அவர் பாப்கார்னைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

புஷ்பலீலாவிடம் கேட்டேன்,
வீடியோ எடுத்தது சோபனராஜா?
"எந்த சோபனராஜ்?
ஸ்டீபன்சன்லா எடுத்தாரு, ஜெமா ஸ்டுடியோ.
அப்பா பாதி ரூவாதான் குடுத்தாரு.
மாமாவ எடுக்கல்ல, வாசல் குலைவாழைய எடுக்கல்ல,
ஆளில்லாத கசேரிய எடுத்து வச்சிருக்கு.
அதெல்லாம் வெட்டிருங்க.
ஒரு மணிக்கூர்ல முடியணும்,
மருமவன் வீட்டுல போட்டுக் காட்டணும்."

பெட்டிக்குள் பில்லும் இருந்தது.
ஸ்டீபன்சன்தான்.
இருபது வருடமாக நான் பீற்றிக்கொண்ட கண்
ஒரு மஞ்சள் காகிதத்தில் தோற்றது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
திரும்ப ஓடவிட்டேன்.
மற்ற இடங்களில் ஸ்டீபன்சனைப் பார்த்தேன்.
அவசரக்காரர்.
கத்தி இறங்குமுன் கேக்கை விட்டுவிடுகிறார்,
போதகர் ஆமென் சொல்லுமுன்
கூட்டத்துத் தலைகளுக்குத் தாவுகிறார்.
நாற்காலியிடம் மட்டும் அவருக்கு என்ன வேலை?

நாலாம் தடவையில்தான் வெளிச்சத்தைப் பார்த்தேன்.
கேமரா இடப்பக்கம் திரும்பத் தொடங்குகிறது.
அங்கே இருட்டு.
வந்த வழியே திரும்பி வருகிறது.
விளக்கு நாற்காலியை விட்டு நகரவில்லை;
வெளிச்சம் நிற்கிற இடத்தில்
கேமராவும் நின்றுதானே ஆகவேண்டும்.
பின்னால் எங்கோ எரிந்த ட்யூப்லைட்
பந்தல் துணியில் ஒரு நிழலை எறிந்திருந்தது:
உயர்த்திய மெலிந்த கை,
தோளில் சுருட்டிய வயர்.
பிறகு ஸ்டீபன்சன் குரல்,
"லேய், லைட்ட இங்க காட்டுலே!"
பதினோராம் விநாடி.

பில்லில் விளக்கு வாடகை ஐம்பது ரூபாய்.
பிடித்தவனுக்கு ஒரு வரி இல்லை.

அவனாக இருக்கலாம்.
கை கடுத்து மறந்து நின்ற வேறொரு பையனாகவும் இருக்கலாம்,
இப்போது குலசேகரத்தில் ரப்பர் வெட்டிக்கொண்டு.

மாமாக்களைச் சுருக்கினேன், கேக்கைச் சுருக்கினேன்.
ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தொன்பது விநாடி
மருமகன் வீட்டுக்கு.
மீதியை வெட்டவா என்று
அந்த மெத்தை முழுக்க உப்பும்வரை
சுட்டெலியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பாதி ரூபாய் தந்தால்
வாங்கிக்கொள்ளலாம்.